சர்க்கார் பணத்தில் கட்டிய கரை

தக்கலை,
1934 மே 20

அருமை மகள் ஜெபகுமாரிக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது.

முதலில் என் மானம் போன கதையைக் கேள். நம் மேட்டு விளையின் அடியில் ஓடையை மறித்துக் கரை கட்டியிருக்கிறேன். அதை அளக்க விவசாய இன்ஸ்பெக்டர் வந்தார். "ஆனை ஏறினாலும் அசையாது சாரே" என்று நானே ஏறிக் காட்டினேன். கரை அசையவில்லை. நான்தான் வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் கீழே வந்து சேர்ந்தேன். வேட்டி பாதி வழியில் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் மரியாதைக்காரர், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

சிரித்தாலும் கையெழுத்துப் போட்டார். மண்ணும் தண்ணீரும் ஓடிப்போகாமல் கரை கட்டுகிறவர்களுக்குச் சர்க்கார் செலவு தருகிறது. பாதி முன்னால், மீதி மழைக்குப் பிறகு, கரை நின்றால். நிற்காவிட்டால் வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். மீதி வரும்வரை கல்லுக்கும் கூலிக்கும் பசுவை விற்றேன். வேறு வழியில்லை. போன மழையில் விளையில் மரச்சீனிக் கிழங்கெல்லாம் வேர் தெரிய நின்றதே. வருஷா வருஷம் என் மண் எங்கே போகிறதோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

நீ இல்லாமல் மண்வெட்டி சேற்றோடு முற்றத்தில் கிடக்கிறது. அதைக் கழுவித் துடைத்துக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிற பைத்தியம் இந்த வீட்டில் உனக்குத்தானே இருந்தது. போன தடவை பஸ் கிளம்பும்போது "இனி எப்போ வருவே மக்கா?" என்று நான் சத்தம் போட்டுக் கேட்க, பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும். ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

உன் அப்பா,
ரசலையன்


குழித்துறை,
1934 ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு ஜெபகுமாரி தோத்திரம்.

நீங்கள் வழுக்கி விழுந்ததை வாசித்துச் சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. எனக்குச் சீதனமாகத் தந்த வயல் அந்த ஓடைக்குக் கீழே இருப்பதை மறந்துவிட்டீர்களா? இந்த வருஷ மழையே அரை மழை. வயலைக் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த கிருஷ்ணமணி நேற்று வந்து, நாற்று கருகுகிறது, வயலை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் மண் எங்கேயும் போகவில்லை அப்பா. என் வயலுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

மாமி அடுக்களையில் நின்று ஊர் கேட்கச் சொல்கிறார்: "வயலைத் தந்துட்டு அதுக்குப் பாயுற வெள்ளத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டான் இவளுக்க அப்பன். காஞ்ச வயலை வச்சு நாக்கு வழிக்கவா?" உங்கள் மருமகன் ஒன்றும் சொல்வதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. கரையில் ஓர் ஆள் அகலம் வெட்டிவிடுங்கள்.

உங்கள் மகள்,
ஜெபகுமாரி


தக்கலை,
1934 ஜூலை 15

அருமை மகளுக்கு,

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆறாம் வகுப்போடு நின்ற புத்தி, மேலே மட்டும் பார்த்தது. உன் கடிதம் கிடைத்த அன்றே இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன்.

"ஒரு மடை வச்சுக்கிடட்டா சாரே? கீழே என் மகளுக்க வயலு."

"வரைபடத்தில மடை இல்லையே ஓய். நான் வந்து பாக்கது வரைக்கும் கரையில கை வைக்கப்பிடாது."

ஆகஸ்டு பதினைந்து, புதன்கிழமை வருகிறார். அவர் படி இறங்கியதும் மடை வைக்கிறேன், என் பசுவின் மேல் ஆணை. அதைத்தான் விற்றாயிற்றே, வேறு எதன் மேல் வேண்டுமோ சொல். இப்போது வெட்டினால் விளையை ஜப்தி செய்வார்கள். ஒரு மாதம் பொறு மக்கா. இந்தக் கன்னிப்பூ அறுவடையில் நெல் எவ்வளவு குறைகிறதோ, அதை நான் வாங்கி அனுப்புகிறேன். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்.

உன் அப்பா,
ரசலையன்


குழித்துறை,
1934 ஆகஸ்டு 9

அன்புள்ள அப்பாவுக்கு,

சனிக்கிழமை வருகிறேன். ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டுத் திங்கள் காலை பஸ்ஸுக்குத் திரும்புவேன். மாமியே போய்விட்டு வா என்றார். வயலைப் பற்றிப் பேச வேண்டாம். சும்மா உங்களோடு இரண்டு நாள் இருக்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெபகுமாரி


தக்கலை,
1934 ஆகஸ்டு 17

ஜெபகுமாரிக்கு,

சனிக்கிழமை நீ வைத்த அயலை மீன் குழம்பைச் சுண்ட வைத்துச் சுண்ட வைத்துச் செவ்வாய் வரை சாப்பிட்டேன். நான் வைக்கும் குழம்பைப் பூனையும் மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

திங்கள் விடியற்காலையில் மண்வெட்டி கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. கழுவி, துடைத்து. நான் அதை முற்றத்தில்தான் போட்டிருந்தேன். விளைக்குப் போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் அகலம், நேராக வெட்டியிருந்தது. திரும்பி வந்தபோது நீ காப்பி தந்தாய். குடித்தேன். கருப்பட்டி கூடிப்போச்சு என்றுகூடச் சொன்னேன்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார்.

"ஆரு ஓய் வெட்டினது?"

"மழை சாரே."

"மழை பெய்து பத்து நாளாச்சே."

"அப்போ பழைய மழையா இருக்கும்."

கூட வந்த சேவகன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. மீதிப் பணம் கிடையாது. வாங்கியதைக் கிறிஸ்துமஸுக்குள் கட்டாவிட்டால் விளை ஏலத்துக்குப் போகும். கட்ட என்னிடம் விற்க இன்னொரு பசு இல்லை.

உன் வயல் இப்போது பச்சை பிடித்திருக்கும். உன் மாமிக்குச் சந்தோஷமாக இருக்கும். விளையை ஏலத்தில் எடுக்கிறவன் கரை கட்டாதவனாக இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்துகொள்.

திங்கள் காலை பஸ் கிளம்பும்போது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்திருந்தாய். நகத்தில் மண் இருந்ததை நான் காப்பி வாங்கும்போதே பார்த்துவிட்டேன். பஸ் திருப்பத்தில் மறையும்வரை அங்கேயே நின்றேன். எப்போதும் கேட்பதை இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

ரசலையன்