பின்வாசலில் பார்த்த ஓட்டல்

என் வீட்டு மகாராணிக்கு,

அறைக்கதவு இன்னும் சாத்தியே இருப்பதால், கடைக்குக் கிளம்புமுன் எழுதி வைக்கிறேன். காபி பிளாஸ்கில் இருக்கிறது.

சாப்பிடக் கூட்டிப்போகச் சொல்லி நேற்று நீ சண்டை போட்டாயே, அந்தக் கண்ணாடி ஓட்டல், அதில் குறை கண்டுபிடித்து உன் வாயை அடைக்கத்தான் இன்று விடியற்காலையில் போனேன். ஊரில் ஆயிரம் ஓட்டல் இருக்கிறது. முன்வாசல் மினுக்கலை நம்பி நான் எதையும் வாங்கியதில்லை. அதனால் பின்வாசலில் போய் நின்றேன்.

அம்மாடி! இடுப்பளவு அண்டாவில் சூப். தலைமைச் சமையல்காரி ஒரு கரண்டி ருசி பார்த்தாள், அத்தனையையும் கொட்டச் சொல்லிவிட்டாள். பதறிப்போய் நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நல்லா இருந்தா போதுமா அண்ணே?"

முப்பது வருஷமாக என் கடையில் 'இது போதும்' என்றே சரக்குத் தள்ளியவன் நான். பேரம் பேசாமல் அங்கேயே மேஜை கேட்டுவிட்டேன். நீ பார்த்த பார்வைதான் சரி.

இன்று மாலை ஏழு மணிக்கு ஜன்னலோர மேஜை. நான் கடையிலிருந்து நேரே வந்துவிடுகிறேன்; நீ கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடு.

பி.கு: மேஜை கேட்டதும் "எத்தனை பேரு அண்ணே?" என்றாள். இரண்டு என்று சொல்லிவிட்டேன். நீ வருவாயோ மாட்டாயோ என்று யோசித்துக்கொண்டேதான் சொன்னேன். வந்துவிடு.