தியோமான் கடலில் ஒரே சிலிண்டர்

ஜூன் 15, ஞாயிறு

மலேசியாவின் தியோமான் தீவிலிருந்து சிங்கப்பூர் ஆங் மோ கியோ வீட்டுக்கு வந்தாயிற்று. பையைக்கூடப் பிரிக்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

நேற்றுக் காலை என் கணவரும் என் தங்கை கவிதாவும் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் டைவிங் இறங்கினார்கள். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். படகிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே கவிதாவின் சிலிண்டரில் காற்று நின்றுவிட்டதாம். அவர் தன் சிலிண்டரின் இன்னொரு குழாயை அவள் வாயில் கொடுத்து, கையைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தார்.

இன்று பஸ்ஸில் வழிநெடுக அதே பேச்சுதான். "அத்தான் இல்லன்னா நான் காலி லா, அக்கா" என்றாள். தங்கை பிழைத்ததற்குச் சாமிக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் வயிறு எரிகிறது. பதினேழு வருடத்தில் என் கையை அவர் அப்படிப் பிடித்ததில்லை.

சற்றுமுன் அவரிடம் கேட்டேன். "உங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயம்தான். அவ இல்லாம உன் முன்னால எப்படி வந்து நிப்பேன்னு நினைச்சேன்."

அதைக் கேட்டதும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. தண்ணீருக்கு மேலே வந்ததும் இருவரும் முதலில் ஒருவரையொருவர் பார்த்துத்தான் சிரித்தார்கள். நான் படகில் இருப்பது அப்புறம்தான் அவர்களுக்கு நினைவு வந்தது.