துண்டுக்கு வெளியே வந்த விலை

1961, ஆடி வெள்ளி. திண்டிவனம்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களை வியாபாரிகளோடு சேர்த்துவைப்பதுதான் சர்க்கார் எனக்குக் கொடுத்த வேலை. இன்றைய கூட்டத்துக்குக் கிளியனூரிலிருந்து பிலோமினாம்மா வந்திருந்தார். புருஷன் போனபின் மல்லாட்டை உடைக்கும் மிஷின் போட்டிருக்கிறார். உடைத்த நிலக்கடலைப் பருப்பை வாங்க ஆள் வேண்டும். "கூச்சப்படாமல் வாயைத் திறந்து பேசுங்கள்" என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

இங்கே மண்டியில் விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். ஒரு பொம்பளை அதற்குள் எப்படிக் கை நீட்டுவார்? எனக்கு அது தோன்றவேயில்லை.

அந்தம்மா எழுந்து, அத்தனை பேர் முன்னாலும் மூட்டை விலையைச் சொல்லிவிட்டார். பெரிய மண்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊருக்கே தெரிஞ்ச விலைல நான் இன்னாத்த சார் வாங்கறது?" என்று கிளம்பினார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். இரவல் நாற்காலிகளும் ஆறிப்போன டீயும்தான் மிச்சம்.

பஸ் ஏறும்போது அந்தம்மா கேட்டார்: "தப்பா சொல்லிட்டனா சார்?"

"இல்லம்மா. சரியாத்தான் சொன்னீங்க."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப அடுத்த கூட்டத்துல இன்னும் சத்தமா சொல்றேன் சார்."