பச்சை மீன் கடையில் நீ உட்காரும் இடம்

கொடைக்கானல்
17.11.1985

அன்பு மகள் இசபெல்லாவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவது வழக்கம், எழுதியாகிவிட்டது, இந்தத் தடவை அது முக்கால்வாசிதான் உண்மை. உன் சுகம் அறிய ஆசை என்பதும் வழக்கமான வரிதான், ஆனால் இன்றைக்கு அதை நிஜமாகவே கேட்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை உன்னோடு இருக்கிறாரா இல்லையா? ஈஸ்டருக்குப் பிறகு நீ எழுதின ஒரு கடிதத்திலும் அவர் பேரைக் காணோம். ஜப்பான்காரர் கடையில் சோற்றை எப்படிப் பிடிக்கிறார்கள், மீனை எந்தப் பக்கமாக அறுக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்தவளுக்குக் கட்டின புருஷனைப் பற்றி ஒரு வரி எழுதக் கை வரவில்லையா? கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் அதற்கு அடியில் இருப்பது பயம்.

இங்கே மழை விடுகிற பாடில்லை. வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்று நின்றுதான் மேலே ஏறுகிறது. முன்னறைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அப்பா தார் பூசுகிறேன் என்று ஏறி, ஒழுகாத இடத்தில் பூசிவிட்டு இறங்கினார். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேருக்குச் சளி. வடகவுஞ்சி மலைச்சாமி பூண்டு மூட்டையோடு வந்திருந்தார், அவரையும் உட்காரவைத்து உன் கடிதத்தை அப்பா வாசித்துக் காட்டினார். உன் அப்பாதான், உன் கடிதம் வந்தால் தபாலாபீஸ் வாசலிலேயே பிரித்துவிடுவார், வீடு வந்து சேர்வதற்குள் கறிக்கடை, டீக்கடை, கோயில் வாசல் மூன்று இடத்திலும் வாசிப்பு நடந்து முடிந்திருக்கும். மலைச்சாமி எல்லாம் கேட்டுவிட்டு, 'அம்புட்டுத் தூரம் போயி வேகாத மீனையா திங்குது நம்ம பாப்பா, அங்கன வெறகு கெடைக்காதா' என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

நீ கடை தேடின கதை எனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாதே என்று நான் சொல்லி அனுப்பியதை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான். சிகாகோவுக்கு வெளியே நீ இருக்கிற இடத்தில் வீடும் புல்தரையும் கார் நிறுத்துகிற மைதானமும் தவிர வேறொன்றும் இல்லை, பெட்டிக்கடைக்குக்கூடக் கார் வேண்டும் என்று எழுதியிருந்தாய். முதலில் போன கடை சலவைக்கடைக்குப் பக்கத்தில், சோறு விறைத்துக் கிடந்தது, மீனில் ஐஸ் வாடை. இரண்டாவது கடையில் காகித விளக்கும் பட்டுச் சட்டைப் பெண்களுமாக ஒரே ஜோடனை, தட்டில் மட்டும் விரற்கடை அளவு மீன். மூன்றாவதுதான் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கடை. வயசான ஜப்பான்காரர் ஒருவர் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று அறுக்கிறார், அவர் சம்சாரம் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள், காடி கலந்த சோறு இளஞ்சூட்டில் இருக்கிறது, பச்சை நிறத்தில் வைக்கிற காரத் துவையல் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வருகிறது. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்ததும் வெள்ளிக்கிழமைதோறும் அங்கேதான் போகிறாய், சமையல்காரருக்கு நேர் எதிரே பலகையோரத்து ஸ்டூலில் உட்காருகிறாய், கேட்காமலே கடைசியில் ஒரு துண்டு முட்டை வைக்கிறார். இதையெல்லாம் படித்துவிட்டு அப்பா ஏரியில் பிடித்த கெண்டை ஒன்றை வாங்கிவந்து, மெல்லிசாக அறுத்துக் காடிச்சோற்றின்மேல் பரப்பி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எல்லாவற்றையும் வழித்துக் குழம்பில் போட்டுவிட்டார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் நாத்தனார் அமலோற்பவத்துக்கு அய்யம்பாளையத்தில் நிச்சயதார்த்தம். விடியுமுன் பஸ் பிடித்து இறங்கினோம். சம்பந்தி மனுவேல் தோப்பில் பந்தல் போட்டிருந்தார், நல்ல கூட்டம், மாப்பிள்ளை வீட்டார் திண்டுக்கல்லிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். சாப்பாடு ஆனதும் யாரோ அமெரிக்காவில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க, உன் அப்பா சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன், அவர் பார்த்தால்தானே. வாசித்துக்கொண்டே வந்தவர், நீ எழுதாததையும் சேர்த்து வாசித்தார். நம் மாப்பிள்ளை அந்தக் கடையில் இரண்டு தட்டு மீன் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதும் கேட்டாராம், நீதான் போதும் என்று தடுத்தாயாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு வரி அந்தக் கடிதத்தில் கிடையாது.

உன் மாமியார் கித்தேரியம்மாள் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். 'எம்மவனுக்கு மீன் வாடை பட்டாலே மூச்சு முட்டிக்கிரும். சின்னதுலருந்து இந்த வீட்டுல மீன் சட்டி ஏத்துனதில்ல. அப்ப அங்கன ஒங்க மக எதுக்க உக்காந்து ரெண்டு தட்டு தின்னது யாரு சம்பந்தி' என்று கேட்டாள். பந்தலில் அத்தனை பேரும் இருக்கிறார்கள், புதுச் சம்பந்திகள் வேறு. உன் அப்பா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண்ணைப் பார்த்து ஒரு சொல் விழுந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று சொன்னேன், 'எம் மக ஒத்தையிலதான் உக்காந்து திங்குறா. சமைக்கிறவருக்கு எதுத்தாப்புல, பலகையில. பக்கத்துல ஒருத்தரும் கெடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒத்தையிலதான் போறா, ஒத்தையிலதான் வர்றா' என்று. உன் மானத்தைக் காப்பாற்றவேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே காதில் விழுந்தது. இத்தனை மாதமாக அந்தக் கடிதங்களைப் படித்து மீனைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் கித்தேரியம்மாள் என்னைக் கையைப் பிடித்து அடுக்களைக்கு அழைத்துப்போனாள். அவளும் பாவம், கோபம் தணிந்து முகம் சிறுத்திருந்தது. 'அவன் ஈஸ்டருக்கே ஹூஸ்டனுக்குப் போயிட்டான்ல, வேலை அங்கன மாறிருச்சுன்னு எழுதியிருந்தான். ஒங்களுக்குத் தெரியும்ல' என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? பெற்ற தாய்க்குத் தெரியாது என்று அந்த அடுக்களையில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலைதான் மாறியது என்றால் நீ எங்களுக்கு ஏன் எழுதவில்லை, பாப்பா? அதையும் அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் அவளைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் பாயச அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உன் அப்பாவோடு நான் பேசவில்லை. மலைப்பாதையில் பனி இறங்கி ஒன்றும் தெரியவில்லை. பெருமாள்மலை தாண்டின பிறகு அவராகவே ஆரம்பித்தார். 'மொத லெட்டர்லயே எனக்குத் தெரிஞ்சு போச்சு தெரசு. லாட்ஜுல எத்தன வருசம் பட்லரா நின்னிருக்கேன். ஒத்தையா வர்றவுகதான் சமையக்கட்டப் பாத்தாப்புல எடம் கேப்பாக. எதுக்க ஒரு நாற்காலி காலியாக் கெடக்கக்கூடாது அவுகளுக்கு' என்றார். பிறகு ஏன் ஊரெல்லாம் வாசித்துக் காட்டினீர்கள், இல்லாத வரியை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். 'சத்தமா வாசிச்சா மாப்பிள்ளையும் கூட இருக்குற மாதிரி இருந்துச்சு' என்றார். அந்த இடத்திலேயே அவரைப் பஸ்ஸை விட்டு இறக்கிவிடலாம் போலிருந்தது எனக்கு. அப்புறம் பார்த்தால் மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து உன் கடிதம் எதையும் யாருக்கும் வாசிப்பதில்லை. கறிக்கடைக்காரர் கேட்டதற்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றாராம்.

ஒரு வாரமாக எனக்குத் தூக்கம் சரியில்லை. டிரங்கால் போடலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன், அங்கே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இதைப் போய்க் கத்திக் கேட்பதா என்று திரும்பிவிட்டேன். என்னென்னவோ நினைப்பு வருகிறது. கை நீட்டினாரா, வேறு யாராவதா, நீதான் போகச் சொன்னாயா, குழந்தை இல்லை என்று பேச்சு வந்ததா. கலியாணம் ஆன நாளிலிருந்து உன் வீட்டில் மீன் சட்டி ஏறியிருக்காது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. சின்னப் பிள்ளையில் நெத்திலிக் கருவாடு இல்லாமல் கஞ்சி குடிக்கமாட்டாய். வாயைக் கட்டி, வாசனையைக் கட்டி ஒருவரோடு இருந்துவிட்டு, அவர் போன பிறகு ஊரெல்லாம் அலைந்து மீன் கடை தேடியிருக்கிறாய். அதைப் படிக்கும்போது நீ பசித்த பிள்ளை மாதிரியும் தெரிகிறது, கொஞ்சம் மூச்சு விட்டவள் மாதிரியும் தெரிகிறது, எது நிஜம் என்று என்னால் இங்கிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நீதான் சொல்லவேண்டும். நடந்தது எதுவானாலும் எழுது. கோயில் என்ன சொல்லும், அய்யம்பாளையம் என்ன சொல்லும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு வாய் இருக்கிறது. இங்கே வரவேண்டும் என்று தோன்றினால் வா, முன்னறை உனக்குத்தான், மழைக்குச் சட்டி வைத்துக்கொள்ளலாம். அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு இருப்பதாக இருந்தால் இரு. அவரோடு சேர்ந்து வாழ வழி இருக்கிறது என்று நீ நினைத்தால் அதற்கும் ஜெபம் பண்ணுகிறேன். எல்லாம் நன்றாயிருக்கிறது என்று மட்டும் இனிமேல் எழுதாதே.

அந்த ஜப்பான்காரர் சம்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீ வருகிற நேரம் பார்த்து உன் ஸ்டூலில் யாரும் உட்காராமல் ஒரு துணியைப் போட்டு வைக்கிறாள் என்று எழுதியிருந்தாய். முதலில் படித்தபோது எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது, பாஷை தெரியாத ஒருத்திக்குத் தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியவில்லையே என்று. இப்போது நினைத்தால் அந்தத் துணிக்காக அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். எங்கள் பள்ளிக்கூடத்து அமெரிக்க டீச்சர் கிறிஸ்துமஸுக்கு ஊர் போகிறார், அவரிடம் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சீசா கொடுத்துவிடுகிறேன், அங்கிருந்து உனக்கு அனுப்புவார். ஒன்று உனக்கு, பனியில் டியூட்டி முடிந்து வந்ததும் நெஞ்சில் தேய்த்துக்கொள். இன்னொன்றை அந்த அம்மாளிடம் கொடு. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவளுக்கு முழங்கால் வலிக்காமல் இருக்காது. அம்மா கொடுத்தது என்று சொல், அவளுக்குப் புரியும்.

வெறும் வயிற்றில் பச்சை மீன் சாப்பிடாதே. இரவில் கார் ஓட்டும்போது மெதுவாகப் போ. ஜெபமாலையை மறக்காதே. பதிலை வீட்டு விலாசத்துக்கே எழுது, அப்பாதான் முதலில் பிரிப்பார், பிரிக்கட்டும், அவரிடம் இனி மறைக்க ஒன்றும் இல்லை. நான் இதை எழுதும்போது பக்கத்தில் அடுப்பங்கரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார், சொன்னபடியே எழுதுகிறேன்: 'அடுத்த வெள்ளிக்கெழமை பலகையில உக்காரவேணாம்னு சொல்லு. மேசை கேக்கச் சொல்லு. ஒத்தை ஆளுக்கு எதுக்கு மேசைன்னு கூச்சப்படவேணாம். ஒத்தையா வந்தவுக சமையக்கட்டுப் பக்கம் கேட்டாலும், நான் ஜன்னலோரத்து மேசையாத்தான் பாத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்.'

மாதா உன்னைக் கைவிடமாட்டாள், நாங்களும் விடமாட்டோம்.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்திருக்கும்
உன் அம்மா,
உ. தெரசம்மாள்