ஓட்டை விழாத கீரை

ஜூன் 3

வீட்டுச் செடிகளில் இலை தின்னும் பூச்சி ஒன்றைப் பாட்டிலில் பிடித்து வரச் சொல்லியிருக்கிறார் அறிவியல் டீச்சர். அது எப்படித் தின்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். எனக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி வேலை என்று நினைத்தேன். எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் தக்காளி வயல்தான். ஆனால் அங்கே தேடிப் பயனில்லை. கம்பெனிக்காக வளர்ப்பது; அப்பா வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார். அதனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் பாத்திக்குப் போனேன். அங்கே கீரையும் பீன்ஸும் எங்களுக்கென்று மட்டும் வளர்கின்றன. அதில் ஒரு சொட்டு மருந்து படக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அம்மாவுக்கு இது ஆறாம் மாதம். கடைக் காய் எதுவும் அவள் வாய்க்குப் போகக்கூடாது, பாத்தியில் விளைந்ததுதான் போக வேண்டும் என்பது இரண்டாவது சட்டம். போன தடவையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

இலை இலையாகப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. எல்லா இலையும் பாடப் புத்தகத்தில் வரைந்த இலை மாதிரி முழுசாக இருந்தது.

அப்பா என்னைப் புத்தகப்புழு என்றுதான் கூப்பிடுவார். “புழுவே புழுவைத் தேடுதா? வீட்டுக்கு ஒண்ணு போதும், வா” என்றார்.

ஜூன் 4

இன்றும் இல்லை. எறும்புகூட இல்லை.

ஜூன் 6

வகுப்பில் எல்லார் பாட்டிலிலும் ஏதோ ஒன்று நெளிந்தது. என்னுடையது மட்டும் காலி. பாத்தியைப் பற்றி டீச்சரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“மருந்து படாத கீரைன்னா எதாவது ஒண்ணு கடிச்சிருக்கணுமேம்மா. வீட்டுல நல்லா கேட்டுப் பாரு.”

கேட்பதற்கு என்ன இருக்கிறது? எங்கள் அப்பா பொய் சொல்கிறாரா? வழியெல்லாம் டீச்சர் மீது கோபமாக வந்தேன். வீட்டு வாசலில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

ஜூன் 7

கேட்டேன். அப்பா சிரித்தார். “என் பொண்டாட்டி சாப்பிடுற இலையில நான் அடிப்பேனாம்மா?” என்றார். அப்பா பொய் சொல்லும்போது காதைச் சொறிவார். இன்று சொறியவில்லை.

அப்படியென்றால் எப்படி?

ஜூன் 9

பார்த்துவிட்டேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

வயலில் மருந்து அடித்துவிட்டு முதுகு டேங்கோடு அப்பா வந்தார். அதைக் கழுவுவதில் அவ்வளவு கவனம். சமையல்கட்டுப் பக்கம் கழுவ மாட்டார். தெருவோரமும் கழுவ மாட்டார். நாய் வந்து குடித்துவிடும் என்பார். அதனால் பின்பக்கக் குழாயடியில் ஒரு கல் போட்டிருக்கிறார். தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது என்று மண்வெட்டியால் நேர்த்தியாக ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார். டேங்கில் நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார். மறுபடி ஊற்றினார், குலுக்கினார், கொட்டினார். நுரையாக ஓடியது. நான் கூடவே நடந்தேன்.

வாய்க்கால் பீன்ஸ் கொடியைத் தாண்டிக் கீரையடியில் முடிகிறது.

“அப்பா, இந்தத் தண்ணி?” என்றேன். “அது மருந்து இல்லம்மா, வெறும் கழுவுன தண்ணி. வீணா ஏன் போகணும்” என்றார். காதைச் சொறியவில்லை.

சில மருந்துகள் வேர் வழியாக ஏறி இலைக்குள் போய்விடும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பூச்சி இலையைக் கடித்தால் செத்துப்போகும்.

மதியம் அம்மா கீரையை இரண்டாம் தடவை கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 10

கீரைச் சட்டியைக் கை தவறியது போலக் கீழே போட்டேன். “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று அம்மா திட்டினாள். பிறகு குனிய முடியாமல் குனிந்து துடைக்க வந்தாள். நான் துணியைப் பிடுங்கித் துடைத்தேன்.

தினமும் போட்டு உடைக்க முடியுமா? சொல்லிவிட வேண்டியதுதானே? — சொன்னால் இந்தத் தடவையோடு நிற்காது. போன தடவைக்கும் போகும். பிறக்காமலே போன பாப்பாவுக்குத் தைத்த சட்டை இன்னும் அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. அம்மா அப்போதும் இந்தக் கீரையைத்தான் சாப்பிட்டாள். அப்பாதான் பறித்துக் கொடுத்தார்.

இதை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஜூன் 11

அத்தையிடம் சொன்னேன். அத்தை அப்பாவின் அக்கா. கம்பெனிக் கிடங்கில் தக்காளியைப் பெட்டியில் அடுக்குகிறவள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பாள். இன்று அவளிடம் ஒன்றுமில்லை. என் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அவள் புடவையிலும் அப்பா சட்டையில் அடிக்கிற அதே மருந்து வாடை.

“நாளைக்கு நான் வரேன். நீ தனியா சொல்லாத” என்றாள்.

ஜூன் 12

அத்தை வருவதற்குள் சொல்லிவிட்டேன். அம்மா தட்டில் கை வைத்துவிட்டாள், நான் என்ன செய்வது? சாப்பிடாதம்மா, அது கழுவுன தண்ணி, கீரைக்குள்ள போயிருக்கு, அதான் புழுவே இல்ல — எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. நான் அழுதேனா கத்தினேனா என்று தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சன்னல் வழியாகக் குழாயடியைப் பார்த்தார். வாய்க்கால் எங்கே போகிறது என்று இன்றுதான் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி.

அம்மா மெதுவாகக் கேட்டாள், “போன தடவையுமா?”

அப்பா எழுந்து பின்பக்கம் போனார். அத்தை வந்தபோது குழாயடிக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜூன் 15

டாக்டர் திரையைக் காட்டினார். இதயம் துடிக்கிறது. வளர்ச்சி சரியாக இருக்கிறதாம். அப்பா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு போன தடவையைப் பற்றிக் கேட்டார்.

“அதனாலதான்னும் சொல்ல முடியாது. அதனால இல்லன்னும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர்.

புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்று நினைத்திருந்தேன். வீடு வரும்வரை அம்மா வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அசைகிறதா என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

ஜூலை 2

அப்பா பாத்தியை வேரோடு பிடுங்கிவிட்டார். வாய்க்காலை மூடிவிட்டார். டேங்கை இப்போது வயலிலேயே கழுவி, அந்தத் தண்ணீரைத் தக்காளிக்கே விடுகிறார். வீட்டுக்கு முன்பக்கம் பழைய பீப்பாய்களை அறுத்து, வேறு இடத்து மண்ணைச் சுமந்து வந்து நிரப்பிக் கீரை விதைத்திருக்கிறார். “பீப்பாய்க்குக் கொடுக்கிற மரியாதைய அக்காவுக்கும் கொஞ்சம் கொடேன்” என்கிறாள் அத்தை. அம்மா சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு.

ஆனால் அறுவடை வரை மருந்து அடித்தே ஆக வேண்டும்; கம்பெனியோடு பேச்சு அப்படி. வெளியிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். இன்று சட்டையைக் கழற்றும்போது முதுகைப் பார்த்தேன். டேங்க் கசிகிற இடத்தில் தோல் சிவந்து உரிந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டேன். “அது எப்பவும் உள்ளதுதான்” என்று காதைச் சொறிந்தார்.

கீரைக்கு வேறு மண் கொண்டுவந்துவிட்டோம். அப்பாவுக்கு?

அத்தை அடுக்கும் பெட்டிகள் லாரியில் போகின்றன. அவற்றை யாருடைய அம்மா சாப்பிடுவாள்?

ஜூலை 20

கீரை முளைத்து வளர்ந்திருக்கிறது. அம்மா தொட மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு இலையாகப் பார்க்கிறேன். முழுசாகத்தான் இருக்கிறது. இன்னும் முழுசாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 18

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற பை கதவுக்குப் பின்னால் தயாராக இருக்கிறது. அலமாரி மேல்தட்டுச் சட்டையும் அதில் இருக்கிறது, வைத்தது அம்மாதான்.

காலையில் அவள் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள். குரலைக் கேட்டு நானும் பயந்து ஓடினேன். அவள் ஒரு கீரை இலையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். நடுவில் ஓட்டை. ஓரத்தில் அரைவட்டமாக இன்னொரு கடி.

அப்பா பீப்பாய்க்குள் குனிந்து தேடினார். அடியிலை ஒன்றின் பின்னால் அது இருந்தது, பச்சையாக, என் சுண்டுவிரலில் பாதி. பழக்கத்தில் அவர் விரல்கள் நசுக்கப் போயின. பாதியில் நின்றன. இலையை மெதுவாகத் திருப்பி, அது இருந்தபடியே விட்டார்.

“நமக்கு முன்னாடி யாரோ சாப்பிட்டிருக்காங்க” என்றார்.

அம்மா மதியச் சமையலுக்குக் கீரை பறித்தாள். ஓட்டை விழுந்த இலைகளாகப் பார்த்துப் பறித்தாள்.