இடது கை ஒண்ணு, வலது கை ரெண்டு

மார்ச் 4

அன்புள்ள ரெண்டு,

நான் நலம், கை மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ நலமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். நான்கு வருஷமாக ஆளையே காணோம்.

பத்து நிமிஷம் முந்திப் பிறந்ததால் நான் ஒண்ணு, நீ ரெண்டு. அதைத் தவிர நமக்குள் ஒரு வித்தியாசமும் இருந்ததில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா எனக்கு மருந்தைப் புகட்டிய கதை உனக்கே தெரியும். இன்றைக்கு நம் இருவர் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் இரட்டைப் பிள்ளைகள் என்று நம்ப மாட்டார்கள்.

போனில் பேசினால், "பெல் அடிச்சிடுச்சு, கிளாஸுக்குப் போகணும்" என்று வைத்துவிடுவாய். ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு பெல் அடிக்கிறது. அதனால்தான் கடிதம். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற ஸ்பாஞ்சைப் பேனாவில் மாட்டியிருக்கிறேன், பிடிக்கச் சுலபமாக இருக்கிறது. எழுத்து பூசணிக்காய் அளவுக்கு வருகிறது, பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நமக்குப் பத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரட்டைப் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தார்களே, ஆளுக்கு ஒரு குடை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஞாபகம் இல்லை என்று சொல்லாதே. நீ ஊசியைக் கண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாய். நான் என் நீலச் சட்டையோடு போய் இடது கையை நீட்டினேன். திரும்பி வந்து உன் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு போய் வலது கையை நீட்டினேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு குடை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வீட்டுக்கு வந்தோம்.

அந்த இரண்டு குழாயும் இருபத்தேழு வருஷமாகப் பனிப்பெட்டியில் பத்திரமாக இருக்கின்றனவாம்! என் மூட்டு டாக்டர் மூலமாக ஒரு ஆராய்ச்சி டாக்டரம்மா என்னைத் தேடி வந்தார். சின்ன வயது, பேச்சில் நல்ல வேகம். இரட்டையரில் ஒருத்தருக்கு முடக்குவாதம் வந்து இன்னொருத்தருக்கு வராத ஜோடிகளைத் தேடுகிறார். மரபணு ஒன்றாக இருக்கும்போது நோய் ஏன் ஒருத்தருக்கு மட்டும் வருகிறது என்பதுதான் அவர் கேள்வி. பதிலில் ஒரு பங்கு மரபணுவின் மேல் ஒட்டிக்கொள்கிற குறிகளில் இருக்கிறதாம். எபிஜெனெடிக்ஸ் என்றார். அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். நான், "டாக்டரம்மா, இது எங்க கல் யார்டுல தினம் நடக்கிறது" என்றேன்.

ஒரே பாளத்தில் அறுத்த பத்து கிரானைட் பலகையை நிறுத்தி வைக்கிறேன். எது வெட்டுக்கு, எது தொடக்கூடாது என்று சாக்பீஸில் குறி போடுகிறேன். மெஷின்காரர் கல்லைப் பார்ப்பதில்லை, குறியைத்தான் பார்ப்பார். தொடக்கூடாத பலகையில் குறி அழிந்துபோனால் வெட்டிவிடுவார். கல்லைக் குற்றம் சொல்லி என்ன பயன்? உடம்பிலும் அப்படித்தான். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று குறி இருக்கிறது. வயசு, புகை, தூசி, கிருமி எல்லாம் அந்தக் குறியில் கை வைக்கின்றன. என் உடம்பில் குறி குழம்பிப்போய், காவலுக்கு நிற்க வேண்டிய அணுக்கள் என் மூட்டுகளையே அடித்துக்கொண்டிருக்கின்றன. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "இதை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கலாமா?" என்றார். தாராளமாக என்றேன்.

பிறகுதான் வினை. "உங்க ரெண்டு பேர் பழைய குழாயிலும் குறிகள் அச்சு அசல் ஒண்ணா இருக்கு. சின்ன வயசு இரட்டையர்கிட்ட ஒற்றுமை அதிகம்தான், ஆனா இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை" என்று கண் விரிய நிற்கிறார். பலகையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாங்குகிறவரிடம் முதலில் நானே காட்டிவிடுவேன். என் கடைக்கு இருக்கிற பெயர் அது ஒன்றுதான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன். உன் குட்டையும் சேர்த்து உடைக்க உன்னைக் கேட்க வேண்டும் அல்லவா?

ஆகவே இரண்டு காரியம். உண்மையைச் சொல்ல எனக்கு அனுமதி கொடு. நீயும் ஒரு நாள் வந்து உன் சொந்த ரத்தத்தைக் கொடு. ஒரே ஊசிதான்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஒண்ணு

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

பத்து நிமிஷ அக்காவுக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்டுக்கொண்டேதான் உன் கடிதத்தைப் படித்தேன். பூசணிக்காய் எழுத்தாக இருந்தாலும் உன் அதட்டல் அப்படியே கேட்கிறது.

குடை விஷயத்தைச் சொல்லிவிடு. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என்னைக் கூப்பிடாதே. ஊசி இன்னும் எனக்கு ஆகாது. அது மட்டும் காரணம் இல்லை என்று உனக்கும் தெரியும்.

தூசி என்று ஒரு வார்த்தையைப் போகிறபோக்கில் எழுதிவிட்டாய். நான் அதிலேயே நின்றுவிட்டேன். அப்பா இறந்த வருஷம் கல் அறுக்கும் பட்டறையில் ஒரு வேலைதான் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. "நீ படி, நான் போறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். பதினோரு வருஷம் அந்த வெள்ளைத் தூசிக்குள் நின்றாய். சாயங்காலம் வரும்போது உன் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கல்தூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று நானும் படித்திருக்கிறேன். ஊசியை மட்டுமா எனக்குப் பதிலாக வாங்கிக்கொண்டாய்?

நான்கு வருஷத்துக்கு முன் உன் வீட்டில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்தாயே, அன்றைக்குப் பிறகு என்னால் வர முடியவில்லை. இப்போது என் ரத்தத்தையும் உன் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து, இவளுக்கு இவ்வளவு கெட்டது, இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதை என் கையால் நான் வாங்க வேண்டுமா? வேண்டாம்.

இதைக் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை. மிச்சத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன். இங்கே வேறு விசேஷம் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வடிவியல் நடக்கிறது. இப்போதெல்லாம் முதல் பீரியடில் பிள்ளைகளையே போர்டில் வரையச் சொல்கிறேன். அவர்களுக்கும் பயிற்சி ஆச்சு, எனக்கும் ஓய்வு. உன் மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், உன்னை விசாரித்தார். சட்டைப் பட்டன் போட்டுவிடுவதுவரை எனக்கு உபகாரம் செய்து கெடுத்து வைத்திருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதே.

உன்,
ரெண்டு

மார்ச் 19

அடியே ரெண்டு,

கோபம்தான். ஆனால் நீ நினைக்கிற காரணத்துக்கு இல்லை.

முதலில் தூசிக் கணக்கை முடித்துவிடுகிறேன். டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், "தூசிதான் காரணமா?" என்று. "தூசி ஆபத்தைக் கூட்டும். உங்க ஒருத்தருக்கு அதனாலதான் வந்ததுன்னு சத்தியம் பண்ண யாராலும் முடியாது. அதே பட்டறையில நின்னவங்க எல்லாருக்குமா வந்திருக்கு?" என்றார். சரிதானே. மேஸ்திரி எழுபது வயதிலும் சிங்கம் மாதிரி நடக்கிறார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். உனக்காகத் தியாகம் செய்து பட்டறைக்குப் போனேன் என்று நீயாக ஒரு கதை கட்டி வைத்திருக்கிறாய். எனக்குப் பயிற்சிப் பள்ளி பிடிக்கவில்லை. பட்டறைக்குள் நுழைந்த முதல் நாளே முதலாளி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்து, இது நமக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். பதினோரு வருஷத்தில் உட்கார்ந்தும்விட்டேன். உன் பங்குத் தூசி என்று அங்கே ஒன்றும் இல்லை. அத்தனையும் என் தூசி. பட்டறையில் முகமூடி தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் மூச்சு முட்டுகிறது என்று மாட்டவில்லை. அதற்கும் நீயா பொறுப்பு?

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கல் வியாபாரி எந்தப் பலகையையும் சாய்த்துப் பார்ப்பாள். உன் கடிதத்தையும் சாய்த்துப் பார்த்தேன். முதல் பக்கம் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. கடைசிப் பக்கம் அச்சு மாதிரி இருக்கிறது. கோணல் காலையில் எழுதியது, நேர் சாயங்காலம் எழுதியது. முதல் பீரியடில் பிள்ளைகள் வரைகிறார்கள். சட்டைப் பட்டனை மாப்பிள்ளை போட்டுவிடுகிறார். கல்யாணம் ஆகி இருபது வருஷம் கழித்து அந்த மனிதருக்குத் திடீரென்று காதல் பொங்கிவிட்டதா?

எத்தனை மாதமாக? உண்மையைச் சொல். எழுந்ததும் விரல் மடங்க மறுக்கிறதா? பல் தேய்த்து முடிப்பதற்குள் விடுகிறதா, பத்து மணிவரை பிடிக்கிறதா? இரண்டு கையிலும் ஒரே இடத்திலா? எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. பலகை தூக்கியதால் வலி என்று தைலம் தேய்த்தே இரண்டு வருஷத்தை விட்டேன். அந்த இரண்டு வருஷத்தில்தான் விரல் கோணிப்போனது. அதற்குப் பிறகு வந்த மருந்து நோயை நிறுத்தியது, கோணலை நிமிர்த்தவில்லை.

யார்டில் பலகையை விரல் முட்டியால் தட்டி வாங்குவேன். நல்ல கல் மணி மாதிரி பேசும், விரிசல் கல் சட்டி மாதிரி பேசும். இப்போது சாவியால் தட்டுகிறேன். சாவி பாதி உண்மைதான் சொல்கிறது. நான் இழந்தது அதைத்தான். உனக்கு சாக்பீஸ் கையை விட்டுப் போகக்கூடாது.

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற காகிதத்துக்குப் பயந்து வரவில்லை என்று எழுதினாய். பொய். ஆகியிருக்கிறது என்ற காகிதத்துக்குத்தான் பயப்படுகிறாய். ஊசிக்குப் பயந்த அதே முகம்தான் எனக்குத் தெரிகிறது. இந்தத் தடவை உன் சட்டையை மாட்டிக்கொண்டு நான் போக முடியாது. விரலைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இருபத்தேழாம் தேதி காலை ஒன்பதரைக்கு உன் பெயரில் சீட்டு வாங்கியாயிற்று. ஆராய்ச்சிக்கு இல்லை, மூட்டு டாக்டருக்கு. ஆராய்ச்சி வேண்டுமானால் அடுத்த அறை.

வராவிட்டால் உன் பள்ளிக்கூடத்துக்கு லாரியோடு வந்து நிற்பேன். பெல் அடித்தாலும் போக மாட்டேன்.

இப்படிக்கு,
ஒண்ணு

மார்ச் 28

அன்புள்ள அக்கா,

போனேன். உன்னிடம் சொல்லாமலே போய்விட்டு வந்தேன். நீ கூட வந்திருந்தால் என் கையை நீயே நீட்டியிருப்பாய்.

ஐந்து மாதமாகத்தான் இப்படி. காலையில் ஒன்றரை மணி நேரம் பிடித்துக்கொள்கிறது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன். குளிர் போய் வெயில் வந்த பிறகும் குளிர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒவ்வொரு முட்டியாக அழுத்திப் பார்த்தார். இரண்டு கையிலும் வீக்கம் இருக்கிறது, மூட்டு இன்னும் கெடவில்லை, எக்ஸ்ரே படத்தில் எலும்பு சுத்தமாக இருக்கிறது. ரத்தத்தில் நோயைக் காட்டிக்கொடுக்கிற எதிர்ப்பொருள் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆக, எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் உனக்கு இரண்டு வருஷம் கழித்து எழுதிய மருந்தை எனக்கு நேற்றே எழுதிவிட்டார். வாரத்துக்கு ஒரு முறை மாத்திரை. "சரியான சமயத்துல வந்தீங்க. யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார். "ஒண்ணு சொல்லிச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பிறகு அடுத்த அறைக்குப் போனேன். உன் டாக்டரம்மாவிடம் குடைக் கதையை நானே சொன்னேன். முதலில் முகம் சிவந்தது. அப்புறம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். ஒரே ஆளின் இரண்டு குழாய் கிடைத்தது ஒருவகையில் நல்லதாம். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பதால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிகிறதாம். நோட்டைத் திறந்து என் பெயரை அடித்துவிட்டு அங்கேயும் உன் பெயரையே எழுதினார். இப்போது எனக்கும் வந்துவிட்டதால் நான் அவர் தேடின ஜோடி இல்லை. "உங்களுக்கு ஏழு வருஷம் தள்ளி ஏன் வந்துதுன்னும் தெரிஞ்சுக்கணுமே" என்று அதையே புதுக் கேள்வி ஆக்கிக்கொண்டார். குறியை அழிக்க முடியுமா என்று கேட்டேன். சிலது மாறும், எது எப்படி என்று இன்னும் தெரியாது, அதுக்குத்தான் உங்க ரத்தம் என்றார். பொய் சொல்லாத பெண், எனக்குப் பிடித்தது.

இடது கையில் மூட்டு டாக்டருக்கு ஒரு குழாய் எடுத்தார்கள். வலது கையில் டாக்டரம்மாவுக்கு ஒரு குழாய். ஒரே நாளில் இரண்டு ஊசி. மயக்கம் வரவில்லை. இரண்டு கையும் என்னுடையவை.

குடை ஏதாவது உண்டா என்று கேட்டேன். இல்லையாம்.

சனிக்கிழமை யார்டுக்கு வரட்டுமா? சாயங்காலம் வருகிறேன். காலையில் என் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது, நாலு மணிக்கு மேல் மிச்ச வலியும் அடங்கிவிடும். பலகையை நான் முட்டியால் மெதுவாகத் தட்டுகிறேன். காது உன்னுடையது, நீ கேட்டுச் சொல். பாட்டில் மூடியையும் நானே திறந்து தருகிறேன்.

உன்,
ரெண்டு

மார்ச் 31

அன்புள்ள ரெண்டு,

உன் கடிதத்தை மேஸ்திரியிடம் காட்டினேன். "அம்மா, கண்ணுல தூசியா?" என்றார். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை நாலரை மணி. புதிதாக இறங்கிய கறுப்புப் பலகை பன்னிரண்டை உனக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று எனக்குச் சந்தேகம். எது என்று சொல்ல மாட்டேன், நீ தட்டு.

வாசலிலேயே உனக்கு ஒரு முகமூடி தொங்கும். மாட்டாமல் ஒரு அடி உள்ளே வைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். மூச்சு முட்டுகிறது என்ற பேச்சே கூடாது.

நானும் மாட்டிக்கொண்டுதான் நிற்பேன். இரண்டு பேரில் யார் ஒண்ணு, யார் ரெண்டு என்று மேஸ்திரி திணறட்டும்.

ஒண்ணு