அறுபத்து நான்கு மில்லிமீட்டர்

செவ்வாய், இரவு.

இன்று நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முரளி வந்தார். இருபது வருடங்களுக்கு முன் என்னைப் பெண் கேட்டு, அப்பா முடியாதென்று அனுப்பிய முரளி. அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வந்தாராம். பேப்பர் படிக்க எழுத்து தெரியவில்லையாம்.

லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக வர, இரண்டு கருவிழிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து, அவர் மூக்கின் மேல் ஸ்கேலை வைத்து, "என் கண்ணப் பாருங்க" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான். அவர் பார்த்தார்.

அறுபத்து நான்கு மில்லிமீட்டர். எழுதிக்கொண்டு, மறுபடியும் ஸ்கேலை வைத்தேன்.

"ஏன் சுமதி, சரியா வரலையா?"

"நீங்க கொஞ்சம் ஆடிட்டீங்க லா."

அவர் ஆடவே இல்லை. இரண்டாவது முறையும் அதே அறுபத்து நான்குதான். அவர் குடும்பத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வியாழனன்று லென்ஸை நானே ஃப்ரேமின் அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்துப் பொருத்துவேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வார். அன்று எனக்கு லீவு.

"லீவ மாத்திக்கிறியா?" என்று முதலாளி அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன். பிறகு முதலாளி அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறேன் என்று.